உடையாத காலுக்கு முப்பத்தேழு கட்டு

என் உடம்பில் இதுவரை ஓர் எலும்புகூட உடைந்ததில்லை. ஆனால் என் வலது காலுக்கு முப்பத்தேழு முறை மாவுக்கட்டுப் போட்டாகிவிட்டது. இடது கைக்குப் பத்தொன்பது. கட்டைவிரலுக்கு எத்தனை என்று எண்ணவில்லை, அதெல்லாம் சில்லறை. அத்தனையும் என் அக்காவின் கைங்கரியம்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் போய் 'கட்டு ரூம் அக்கா' என்று கேட்டால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார். கை ஒடிந்து வருகிறவர்கள் அக்கா இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்களாம். அந்தப் பெருமையில் பாதி என் காலுக்குச் சேர வேண்டியது. யாரும் தரமாட்டார்கள், அதனால் நானே எழுதி எடுத்துக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டு வயது வரைக்கும் அக்கா ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் கிரீம் பூசிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம். மாமா, அதாவது அக்காவின் கணவர், கொத்தனார். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். விழுந்தபோது மனிதர் 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "சாரமும் சரியா இருந்துது, சுவரும் சரியா இருந்துது, நான்தான் கொஞ்சம் சாஞ்சுட்டேன்" என்றாராம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டெக்னீஷியன் அவருக்கு மாவுக்கட்டுப் போட்டார். பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கை பரபரத்தது. வாய் அதற்கும் மேலே.

"தம்பி, அந்த ஓரம் பிசிறு தட்டுது பாருங்க. உள்ள மடிச்சு ஒரு தடவு தடவினா வழவழன்னு வரும்."

"அவ்வளவு தெரிஞ்சா நீங்களே வந்து போடுங்களேன்" என்றார் அவர்.

அவர் எரிச்சலில் சொன்னார். அக்கா அதை அழைப்பாக எடுத்துக்கொண்டாள். கட்டுக் காய்வதற்குள் விசாரித்துவிட்டாள். எலும்பு சிகிச்சைத் தொழில்நுட்பப் படிப்பு, இரண்டு வருடம், அதே ஆஸ்பத்திரியில். நாற்பது வயதுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. "அப்போ இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே!" என்று வீட்டுக்கு வந்து குதித்தாள். ஒருமுறை பெயிலானால் கதை முடிந்தது என்பது எங்களில் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

வகுப்பில் சேர்ந்த மூன்றாம் நாள் மாமாவின் கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. அக்கா வெளியே நின்றாள். உள்ளே ரம்பம் ஓடும் சத்தம். அடுத்த நொடி, சாரத்திலிருந்து விழுந்தும் முனகாத அந்த மனிதர் "அம்மாஆஆ!" என்று போட்ட கூச்சலில் வரிசையில் நின்ற இரண்டு பேர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

வெளியே வந்த மாமாவிடம் அக்கா கேட்டாள்: "ஏங்க, அப்படிக் கத்தினீங்களே?"

"நானா? பக்கத்து ரூமா இருக்கும்."

பக்கத்து ரூம் என்று ஒன்றே அங்கே கிடையாது. ஆனாலும் மாமா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா எத்தனையோ தடவை கேட்டாள். "கத்தவே இல்ல" என்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றார்.

கட்டு வெட்டும் ரம்பத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்க்கச் சின்ன மாவுமில் மாதிரி இரையும். ஆனால் அதன் தகடு சுழலாது, இடமும் வலமுமாக அதிரும், அவ்வளவுதான். கெட்டியான கட்டை வெட்டும். மெத்தென்று கொடுக்கிற தோலை வெட்டாது. இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவள் அக்கா. ஆனால் அந்த ரம்பத்தைக் கண்டால் அவளுக்குக் கை விறைத்துவிடும்.

கட்டுப் போடுவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. தேதி முடிந்த மாவுக்கட்டுச் சுருள்களைப் பயிற்சிக்கென்று ஒதுக்கிவைத்திருப்பார்கள். அதில் நான்கைந்தை உத்தரவு கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து, "டேய், காலை நீட்டு" என்றாள். நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பிடித்துவிட்டு வந்தவனுக்கு, என் காலை ஒருவர் பிடிப்பது சுகமாக இருந்தது. ஆசையாக நீட்டினேன். அதோடு தொலைந்தேன்.

முதலில் மெல்லிய துணிக்குழாய், பிறகு பஞ்சு. குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் இரண்டு சுற்று அதிகம். பிறகு கட்டுச் சுருளைத் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும் வரை காத்திருந்து, இரண்டு முனையையும் பிடித்து மெல்லப் பிழிந்து, கீழிருந்து மேலாகச் சுற்றினாள். விரல் நுனி படக் கூடாது, குழி விழுந்தால் உள்ளே புண்ணாகும். உள்ளங்கையால்தான் தடவ வேண்டும். பதினைந்து வருடம் கிரீம் தடவிய கை. கட்டு வெள்ளை வெளேரென்று, மேலே ஒரு செர்ரிப் பழம் வைத்தால் கடையில் விற்கலாம் என்கிற மாதிரி வந்தது.

மாமா தன் வேலைப் பையிலிருந்து மூலமட்டத்தை எடுத்து வந்தார். சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. அதை என் கணுக்காலில் வைத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"தொண்ணூறு. ஒரு முடி பிசகல. நம்ம சின்ன மேஸ்திரிக்குக்கூட இது வராது."

அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான்தான் விஷயத்துக்கு வந்தேன்.

"எப்பக்கா கழட்டுவ?"

அவள் கை தடவுவதை நிறுத்தியது. "ரம்பம் ஆஸ்பத்திரியில இல்ல இருக்கு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"ஆமா."

"நம்மகிட்ட ஆக்சா பிளேடு இருக்கே" என்றார் மாமா, பையைத் துழாவிக்கொண்டே. நான் ஒற்றைக் காலில் சோபாவின் மேல் ஏறி நின்றது எப்படி என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் காலை கண் விழித்தபோது படுக்கை சொதசொதவென்று இருந்தது. எனக்கு வயது முப்பத்தொன்று, அதனால் பயந்துபோனேன். பார்த்தால் மாமா பக்கெட்டும் மக்குமாகக் கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டின் மேல் பொறுமையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"படு, படு. க்யூரிங். பூச்சு வேலை முடிஞ்சா ஏழு நாள் தண்ணி காட்டணும், இல்லன்னா வெடிச்சுரும்."

"இது சுவர் இல்ல மாமா, கால்!"

"சுவருக்கே இவ்வளவு பாக்கறோம், மச்சான் காலுக்குப் பாக்க மாட்டோமா?"

விடிந்ததிலிருந்து நான்கு தடவை ஊற்றியிருக்கிறார். பாசம்! அக்கா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, அது சிமென்ட் இல்லைங்க! காஞ்சாத்தான் அது கெட்டி! ஒரு ராத்திரி வேலை, எல்லாம் போச்சு!" என்று திட்டிக்கொண்டே கட்டைத் தொட்டவள் சட்டென்று அமைதியானாள். விரலால் அழுத்தினாள். ஊறிய பிஸ்கட்டைப் போல் அமுங்கியது. முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். சுற்றுச் சுற்றாக, சமர்த்தாக, கட்டு கழன்று வந்தது.

"கைக்குழந்தைங்களுக்கு இப்படித்தான் ஊற வெச்சுக் கழட்டுவாங்கன்னு புஸ்தகத்துல இருக்குடா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மாமா, எல்லாம் தெரிந்தேதான் செய்தேன் என்கிற மாதிரி மக்கைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமை கட்டு, ஞாயிற்றுக்கிழமை பக்கெட். சனிக்கிழமை சாயங்காலம் நான் பால்கனியில் காற்று வாங்க நிற்பேன். ஒரு வாரம் கால், ஒரு வாரம் கை, ஒரு வாரம் விரல். கீழ்வீட்டில் டெய்லரம்மா இருந்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? ஒருநாள் படிக்கட்டில் மடக்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, பயப்படாம சொல்லு. வீட்ல யாராவது அடிக்கிறாங்களா?"

எனக்குக் குறும்பு வந்துவிட்டது. "அக்காதான். ஆனா ரொம்பப் பாசமா பண்ணுவாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா தைக்கக் கொடுக்கும் துணி மட்டும் மறுநாளே கிடைத்துவிடும்.

ஒரு ஞாயிறு தண்ணீர் வரவில்லை. திங்கட்கிழமை காலில் கட்டோடு கடைக்குப் போனேன். குனிந்து நிமிர்ந்து நான் படுகிற பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒரு ஜோடி வாங்க வந்த அம்மாள் மூன்று ஜோடி வாங்கிப் போனார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த வாரமும் இது இருக்குமாப்பா?" என்று ஆசையாகக் கேட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்ததில் நடுவே ஒன்று கெட்டுப்போனதை நாங்கள் கவனிக்கவில்லை. வீட்டில் பக்கெட் இருந்ததால் அக்காவுக்கு ரம்பம் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியிலோ அவளுக்கு ஒரு ஜோடி வாய்த்தாள். இருபத்தொரு வயதுப் பெண். மாவு கையில் ஒட்டினால் முகம் சுளிப்பாள், ரம்பம் என்றால் உயிரை விடுவாள். "அக்கா, நீங்க கட்டுங்க, நான் வெட்டறேன்" என்றாள் முதல் வாரமே. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ரம்பக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்து, அக்கா நிம்மதியாகக் கட்டிக்கொண்டே இருந்தாள். பதிவேட்டில் இருவர் பேரும் சேர்ந்தே விழுந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இறுதிப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் காலைப் பக்கெட்டில் வைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்.

"டேய், நான் இதுவரைக்கும் அந்த ரம்பத்தை ஒரு தடவைகூட ஓட்டினதில்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ பரீட்சையில?"

"கட்டறது ஒரு நாள், வெட்டறது ஒரு நாள். வெட்டறதுல போச்சுன்னா எல்லாமே போச்சு. மறுபடி எழுத வயசு இல்லை."

"அதான் வெட்டாதுன்னு நீயே எழுதியிருக்கியே அக்கா."

"கை தெரிஞ்சுக்க மாட்டேங்குதே. எடுக்கும்போதெல்லாம் அவர் கத்தினது காதுல கேக்குது. அப்படி ஒருத்தர் என்னால கத்திட்டா?" அவள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். பேக்கரியை விட்டபோதுகூட அழாதவள். "மாவுக்கட்டு வந்தா பரவால்ல, ஊற வெச்சுக் கழட்டினா மார்க்கைக் குறைச்சாவது பாஸ் போடுவாங்க. ஃபைபர் கட்டு வந்தா, அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிடும், தண்ணிக்கு மசியாது."

பரீட்சைக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வர வேண்டும். முதல் நாள் அந்த ஆளுக்கு வேறொரு மாணவர் கட்டுப் போடுவார்; மறுநாள் கூட்டி வந்தவரே அதை வெட்ட வேண்டும். மாவா, ஃபைபரா என்பது சீட்டுக் குலுக்கி. என்னைத்தான் கூட்டிப் போனாள், வேறு யார் போவார்கள்? இத்தனைக்கும் ஊசி என்றால் நர்ஸ் வருவதற்கு முன்பே மயங்கி விழுகிற ஜாதி நான்.

சீட்டை அக்காவே எடுத்தாள். பிரித்தாள். என்னிடம் காட்டினாள். ஃபைபர். ஊதா நிறம் வேறு.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கட்டுப் போட வந்த மாணவன் சாமான்களை எடுத்துவைக்கும் நேரத்தில், திரைக்குப் பின்னால் பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் செருப்புப் பெட்டி மேல் சைஸ் எழுதுகிற மார்க்கர் இருந்தது, அழியாத மை. என்ன தோன்றியதோ, முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், ஒரு வரி எழுதினேன். மேலே துணிக்குழாயை இழுத்துவிட்டுக்கொண்டேன். பஞ்சு வந்தது, ஃபைபர் வந்தது, ஐந்து நிமிடத்தில் என் கால் ஊதாக் கல்லாகிவிட்டது.

அன்று சாயங்காலம் மாமா தன்னால் ஆனதைச் செய்தார். பக்கெட், மக்கு. தண்ணீர் கட்டின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மேலோரம் வழியாகக் கொஞ்சம் உள்ளே போய்ப் பஞ்சு மட்டும் நனைந்தது. அரை மணி நேரம் ஊற்றிவிட்டு, "எவன் பூசினான் இதை? மொட்டைமாடிக்குப் போட்டா நூறு வருஷம் ஒழுகாது" என்று தோல்வியை ஒத்துக்கொண்டார். அக்கா சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கட்டு ரூம். தேர்வாளர் வெளியிலிருந்து வந்திருந்த மெலிந்த பெண்மணி, கழுத்தில் கயிறு கட்டி ஒரு கடிகாரம். "இருபது நிமிஷம். முதல்ல நோயாளிக்கு விளக்கணும். ரம்பத்தை உங்க உள்ளங்கையில வெச்சுக் காட்டணும். அப்புறம்தான் காலைத் தொடணும்." கடிகாரத்தைத் தட்டினார். மாமா கதவுக்கு வெளியே நின்றார், அன்றைக்கு அக்கா நின்ற அதே இடத்தில்.

அக்கா ரம்பத்தை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். அப்பப்பா, அந்தச் சத்தம்! என் பல் எல்லாம் கூசியது.

"இது... இது தோலை வெட்டாது" என்றாள், மனப்பாடம் செய்த குரலில். இடது உள்ளங்கையை விரித்தாள். ரம்பம் அதற்கு ஒரு சாண் மேலேயே நின்றது. இறங்கவில்லை. ஒரு நிமிடம் போனது. ரம்பக்காரி ஒரு மூலையில் நின்று, வாயை அசைத்து 'வைங்க அக்கா, வைங்க' என்று கெஞ்சினாள். தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

எனக்கு அப்போது நினைவெல்லாம் என் காலில் எழுதிய வரிதான். எழுதினது பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒரு ரோஷம். ஊசிக்கு மயங்குகிற நான் கையை நீட்டினேன்.

"என் கையில வை அக்கா."

"டேய், சும்மா இரு."

"வையின்னா வை!"

நானே கையைத் தூக்கி அந்த ஓடுகிற தகட்டின் மேல் அமுக்கிவிட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தேன். சத்தியமாக, அப்படி ஒரு கூச்சம் ஜென்மத்தில் கண்டதில்லை. உள்ளங்கையில் நூறு எறும்பு ஒன்றாய் ஆடினால் எப்படி? துள்ளினேன், நெளிந்தேன், அடக்க அடக்கச் சிரிப்பு பீறிட்டது.

"நோயாளி ஏன் சிரிக்கிறார்?" என்றார் தேர்வாளர்.

"கூசுது மேடம்."

அக்கா என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. தன் கையில் ரம்பத்தை வைத்தாள். அவளும் ஒருமுறை துள்ளினாள், "ஐயே!" என்றாள். பிறகு என் காலைப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே தெரிந்துவிட்டது, இது சனிக்கிழமைக் கை. ஒரே இழுப்பாக இழுக்காமல் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, வெளிப்பக்கம் ஒரு கோடு, உள்பக்கம் ஒரு கோடு. நான் கூச்சத்தில் மேசையைக் குத்திக்கொண்டு சிரிக்க, அவள் "அசையாதடா எருமை" என்று சொல்லிக்கொண்டே சிரிக்க, ரம்பக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, ஊதாக் கட்டு இரண்டாகப் பிளந்தது.

தேர்வாளர் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "ஏன் ஈரமா இருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"வியர்வை மேடம்" என்றேன். "பயத்துல."

அவர் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம். அக்கா கத்தரிக்கோலால் பஞ்சை வெட்டி, துணிக்குழாயைக் கிழித்து விலக்கினாள். அங்கே, என் முழங்காலுக்குக் கீழே, கறுப்பு மையில், செருப்புப் பெட்டி எழுத்தில் இருந்தது: 'வலிக்கல அக்கா.'

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எப்போடா எழுதின?"

"நேத்து. கட்டுப் போடறதுக்கு முன்னாடி."

"வலிக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவள் என் காலின் மேல் தலையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க முடியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. தேர்வாளர் கிட்டே வந்து அந்த வரியைப் படித்தார். "நோயாளி காலில் எழுதக் கூடாது" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "பதினேழு நிமிஷம். காயம் இல்லை. அடுத்தவரைக் கூப்பிடுங்க."

வெளியே மாமா சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"உள்ள யாரு அப்படிச் சிரிச்சது?"

"உங்க மச்சான்தான். பாஸுங்க! நான் வெட்டிட்டேங்க!" என்று அக்கா அவர் கையைப் பிடித்து உலுக்கினாள், ஒருகாலத்தில் உடைந்திருந்த அதே கையை.

மாமா அந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு, கேட்கிற மாதிரியும் கேட்காத மாதிரியும் சொன்னார்: "அன்னைக்கு எனக்கும் வலிக்கல. சத்தத்துக்குப் பயந்து கத்திட்டேன்."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். "ரெண்டு வருஷமா தலையால தண்ணி குடிச்சு உங்ககிட்ட கேட்டேனே!"

"கத்தினீங்களான்னு கேட்ட. வலிச்சுதான்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கல."